உபயம் என்னும் பீரங்கிக் கொல்லர்

கோயிலுக்கு உபயமாக வந்த பொருள் உடைந்தாலும் தேய்ந்தாலும் பயனற்றுப் போனாலும் கோயிலுடையதே. நிர்வாக அதிகாரியின் கையெழுத்தும் மேலிடத்தின் எழுத்துபூர்வமான அனுமதியும் இன்றி அது கோயில் வாசலைத் தாண்டக் கூடாது. கோயில் நிர்வாக அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற நான், இந்த விதியைப் பணிக்காலம் முழுவதும் அமல்படுத்தியவன். குத்துவிளக்கின் முகம் ஒன்று உடைந்தபோதுகூட, துண்டைக் காகிதத்தில் சுற்றி அரக்கு முத்திரை வைத்துப் பெட்டியில் போட்டிருக்கிறேன். அந்த விதியையும் கடலையும் ஒருங்கே தாண்டிப் போன கீழமங்கலம் அம்மன் கோயிலின் வேட்டுக்குழாய் ஒன்றை, ஜெர்மனியில் துப்பாக்கிச் சங்கத்து மண்டபத்தில், சிவப்பு வெல்வெட் துணியின்மேல் பார்த்துவிட்டு வந்தேன்.

தகவல் வாட்ஸ்அப்பில்தான் வந்தது. வால்டோர்ஃபில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் மகன் வீட்டில் அப்போது தங்கியிருந்தேன். அங்குள்ள தமிழர் குழுவில் ஒருவர் ஒரு படத்தைப் போட்டு, "ஜெர்மனியில் தமிழன் செய்த பீரங்கி! மாஸ்டர் உபயம் யார் தெரியுமா? தமிழனாக இருந்தால் பகிரவும்" என்று எழுதியிருந்தார். ஆளாளுக்குக் கைகூப்பும் பொம்மையும் புலிப் பொம்மையும் போட்டுப் பகிர்ந்திருந்தார்கள். எல்லோரும் பொறியாளர்கள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அவரவர் ஊர்க் கோயிலில் டியூப்லைட் முதல் தண்ணீர்த் தொட்டி வரை இதே மாஸ்டர் உபயம்தான் செய்திருக்கிறார்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு சாண் உயர இரும்புக் குவளை. நெற்றியில் பெரிதாக 'உபயம்'. அதற்குக் கீழே ஒரு வரி முழுக்கத் தேய்ந்திருந்தது. அதற்கும் கீழே 'கீழமங்கலம்'. நான் ஒருகாலத்தில் பொறுப்பில் இருந்த கோயிலின் ஊர்.

வேட்டுக்குழாயை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருவிழாவில் கொடியேற்றும்போதும் தேர் நகரும்போதும் அதிர்வேட்டுப் போடும் குழாய் அது. கருமருந்தை இட்டு, செங்கல்பொடி வைத்துக் கெட்டித்து, தரையில் வரிசையாக நிறுத்தித் திரியில் தீ வைப்பார்கள். அதிலிருந்து இதுவரை வெளியே வந்தது சத்தம் மட்டுமே.

கீழமங்கலத்தில் அந்த வேலையைப் பார்த்தவர் சின்னையன். கோயில் பதிவேட்டில் வேட்டுக்குழாய் நான்கு. அவரிடம் இருந்தவை மூன்று. அவர் வேலைக்கு வருவதற்கு முன்பிருந்தே, பொறுப்பேற்ற ஒவ்வோர் அதிகாரியும் 'நான்கு, சரியாக உள்ளது' என்று எண்ணிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு வந்தார்கள். ஒருவர் மட்டும் எண்ணிப் பார்த்துத் தொலைத்தார். யாரிடம் பொருள் இருக்கிறதோ அவரே குறைவுக்குப் பொறுப்பு என்ற அடிப்படையில், நான்காவதைப் பழைய இரும்புக்கு விற்றதாகச் சின்னையன்மேல் குற்றச்சாட்டு. பணிநீக்கம். "நான் வந்த நாள்லேர்ந்து மூணுதாங்கய்யா" என்றார். அதற்குச் சாட்சி கிடையாது. அடுத்து அங்கே பொறுப்புக்குப் போன நான் குற்றச்சாட்டைக் கைவிடப் பரிந்துரைத்து இரண்டு முறை எழுதினேன். 'புதிய ஆதாரம் ஏதுமில்லை' என்று இரண்டு முறையும் கோப்பு திரும்பியது. இப்போது சின்னையனுக்கும் வயதாகிவிட்டது. போன சம்பளத்தைப் பற்றி அவர் பேசுவதில்லை. 'குற்றச்சாட்டு கைவிடப்பட்டது' என்ற ஒரு வரி வேண்டும், கொடியேற்றத்தன்று மறுபடி திரியில் தீ வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

புதிய ஆதாரம் வெல்வெட் துணியின்மேல் உட்கார்ந்திருந்தது. அது எப்போது இந்தியாவை விட்டுப் போனது என்று ஒரு காகிதம் கிடைத்தால் போதும்.

"அப்பா, லீவ் இட்" என்றான் மகன். "அது வெபன் ஷோ. நீங்க விசிட்டர் விசால வந்திருக்கீங்க. அங்க போயி திருட்டு கிருட்டுன்னு பேசினா ப்ராப்ளம் ஆயிடும்."

"திருட்டுன்னு பேசப் போகலடா. திருட்டு இல்லைன்னு பேசத்தான் போறேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை ஹம் நகரத்துக்குக் கிளம்பினேன். அதன் பக்கத்து ஊரில்தான் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்தக் கண்காட்சி. ஜெர்மன் ரயில்கள் நேரம் தவறாதவை என்று நம் ஊரில் யாராவது சொன்னால், அவர் அந்த நாட்டுக்குப் போகாதவர் என்று கொள்ளலாம். முதல் ரயில் தாமதம். இரண்டாவது ரயில் ரத்து. மூன்றாவதில் உட்கார்ந்து நிம்மதியாகத் தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்தேன். வழியில் ஒரு நிலையத்தில் அந்த ரயிலை இரண்டாக வெட்டினார்கள். முன்பாதி ஓர் ஊருக்கு, பின்பாதி வேறோர் ஊருக்கு. ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்களே, அது இதுதான். என் பாதி ஹம்முக்குப் போகாத பாதி. எதிரே இருந்த மூதாட்டி என் பயணச்சீட்டை வாங்கிப் பார்த்து, தலையை ஆட்டி, ஜன்னலுக்கு வெளியே நகர்ந்துகொண்டிருந்த மறுபாதியைச் சுட்டிக் காட்டினார். அவர் முகத்தில் இருந்தது இரக்கமா திருப்தியா என்று தெரியவில்லை. நம் ஊரிலும் ரயிலைப் பிரிக்கிறார்கள். ஆனால் பிரிப்பதற்கு முன் டீக்காரர் உட்பட நான்கு பேராவது வந்து நம்மை எழுப்பி விடுவார்கள்.

வேறு ரயில் பிடித்து ஒருவழியாக ஹம் போய்ச் சேர்ந்தபோது நிலையத்தில் தவராசா காத்திருந்தார். மகனுடைய சக ஊழியரின் மாமனார். யாழ்ப்பாணத்துக்காரர். முதியோர் இல்லத்தில் வேலை. எனக்கு ஜெர்மன் தெரியாததால் மொழிபெயர்க்க அவரை மகன் ஏற்பாடு செய்திருந்தான்.

"வாங்கோ ஐயா. பிழையான பாதியில ஏறினனீங்களோ? இஞ்ச வாற ஆக்கள் எல்லாரும் ஒருக்கா ஏறுவினம். நான் வந்த புதுசில ரெண்டு தரம் ஏறினனான்."

அவர் வீட்டில் புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும். சாப்பாட்டுக்கிடையே விஷயத்தைச் சொன்னேன். தவராசா சிரித்துவிட்டு, பிறகு சிரிப்பதை நிறுத்தினார்.

"அப்ப அந்த மனுசன் இவ்வளவு காலமும் கள்ளன் எண்ட பேரோட இருக்கிறாரோ?"

"ஆமாம்."

"என்ர அந்த்ராக்குக்கு ஏழு வருசம் எடுத்தவங்கள் ஐயா" என்றார். அவருடைய அகதி விண்ணப்பத்தைச் சொல்கிறார் என்று புரிந்தது. "அதில எண்டாலும் நான் கள்ளன் இல்லை. 'நம்பக்கூடியதா இல்லை' எண்டுதான் எழுதினவங்கள்."

சனிக்கிழமை காலை அவர் காரில் பக்கத்து ஊருக்குப் போனோம். வயல்களுக்கு நடுவே ஊர்த் துப்பாக்கிச் சங்கத்தின் மண்டபம். கல்யாண மண்டபம் போல மேடை, ஜிகினாத் தோரணம்கூட இருந்தது. வாசலில் பையைச் சோதித்தார்கள். சோதிப்பவர் கேட்பதற்கு முன்பே தவராசா இரண்டு கைகளையும் விரித்து நின்றார். அந்த ஜெர்மானிய இளைஞர் சங்கடப்பட்டு, "வேண்டாம் வேண்டாம், பை மட்டும்" என்றார்.

உள்ளே மேசை மேசையாகத் துப்பாக்கிகள். கல்லில் பொறி தட்டும் கைத்துப்பாக்கிகள், ஆள் உயர மஸ்கட்டுகள், பழைய பிரஷ்யப் படையின், உள்ளே ஊசி குத்தி வெடிக்கும் ஊசித் துப்பாக்கிகள், கொம்பில் செய்த மருந்துக் குப்பிகள், உச்சியில் ஈட்டி வைத்த தலைக்கவசங்கள். ஒவ்வொரு விசைக்குள்ளும் பிளாஸ்டிக் நாடாவைக் கோத்து இறுக்கியிருந்தார்கள். பழைய கல் துப்பாக்கிகளுக்கு உரிமம்கூடத் தேவையில்லையாம். எங்கள் மாவட்டத்தில் காக்கை விரட்டும் துப்பாக்கிக்கு உரிமம் புதுப்பிக்க ஒரு விவசாயி எத்தனை படி ஏறி இறங்க வேண்டும் என்பதை எண்ணிக்கொண்டேன்.

ஹிட்லர் காலத்துப் பதக்கங்களும் குத்துவாள்களும் ஒரு மூலையில் இருந்தன. ஸ்வஸ்திகச் சின்னம் உள்ள இடத்தில் மட்டும் சிறிய வட்ட ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தது. அந்தச் சின்னத்தைக் காட்டுவது சட்டவிரோதமாம். வாள் இருக்கலாம், வாளைத் தொட்டுப் பார்க்கலாம், சின்னம் மட்டும் கண்ணில் படக் கூடாது. விதியை அமல்படுத்துவது என்றால் என்ன என்று உலகம் முழுக்க ஒரே கருத்துதான் இருக்கிறது.

ஈட்டிக் கவசத்தின் அருகே இரண்டு கிழவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். தவராசா மெல்ல மொழிபெயர்த்தார். ஒருவர்: "என் பாட்டனார் இதைப் போட்டுக்கொண்டுதான் சண்டைக்குப் போனார். தொப்பி மட்டும் திரும்பி வந்தது." மற்றவர்: "அதற்கென்ன, பத்திரமாக வைத்திருக்கிறாயே." முதலாமவர்: "என் மனைவி அப்படிச் சொல்லவில்லை. தொப்பியும் அங்கேயே இருந்திருக்கலாம், தூசி தட்டும் வேலை மிச்சம் என்கிறாள்."

நாற்பதுகளுக்குப் பிந்தைய ராணுவத் துப்பாக்கிகள் வரிசை தொடங்கியதும் தவராசா நின்றுவிட்டார். "உந்தப் பக்கம் நான் வரேல்லை ஐயா. நீங்கள் பார்த்திட்டு வாங்கோ. நான் கேக் மேசையடியில நிக்கிறன்."

நானும் அந்த வரிசைக்குள் போகவில்லை. என் குழாய் மேடைக்கு அருகே இருந்தது; தவராசாவைக் கேக் மேசையடியிலிருந்து கூட்டிக்கொண்டு அங்கே போனேன்.

அதன் உரிமையாளர் ஹெர் க்ராமர். ஹெர் என்றால் நம் 'திரு'. ஓய்வுபெற்ற பல் மருத்துவர். வெள்ளைக் கையுறை, கழுத்தில் சங்கத்தின் அட்டை. குழாய்க்கு எண்ணெய் தடவிப் பளபளவென்று வைத்திருந்தார். எங்கள் கோயிலில் அதற்கு ஒருநாளும் கிடைக்காத மரியாதை. அருகே எலுமிச்சை அளவில் ஒரு கல் குண்டு. அட்டையில் இருந்ததைத் தவராசா வாசித்தார்: "கைப்பீரங்கி. தென்னிந்தியா. செய்தவர்: மாஸ்டர் உபயம் கீழமங்கலம். ஆங்கிலேயப் படைக்கு எதிரான கலகங்களில் பயன்பட்டது. குண்டு: மறுஉருவாக்கம்."

"இந்தக் குண்டு எங்கே கிடைத்தது?"

"அவரே கடைசல்ல வச்சுக் கடைஞ்சவராம். வாயின்ர விட்டத்தை அளந்து வடிவாச் செய்தவராம்."

எழுத்தை யார் வாசித்துக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். கார்ஹிங் என்ற ஊரில் ஆராய்ச்சி செய்யும் ஓர் இந்திய மாணவர். பள்ளியில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்தவராம். எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "பேர் மாதிரி இருக்கு சார்" என்று சொல்லியிருக்கிறார். முதற்பெயர் உபயம், குடும்பப் பெயர் கீழமங்கலம். அதை வைத்து ஹெர் க்ராமர் சங்கத்து இதழில் நான்கு பக்கக் கட்டுரை எழுதியிருந்தார். தஞ்சாவூரில் உபயத்துக்குப் பட்டறை இருந்ததாம். சீடர்களும் இருந்தார்களாம்.

வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். முதலில் தேதி வேண்டும். எப்போது வாங்கினீர்கள் என்று தவராசா மூலம் கேட்டேன். மனிதர் உற்சாகமாகிவிட்டார். கோப்பைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த பழுப்பு ரசீதைக் காட்டினார். மாணவனாக இருந்தபோது ரோட்டர்டாமில் ஒரு பழம்பொருள் கடையில் வாங்கியது. ரசீதில் தேதியும் கடை முத்திரையும் இருந்தன. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஆண்டு சின்னையன் நான்காம் வகுப்பு.

வாகனம் நிறுத்துமிடத்துக்கு வந்து சின்னையனை அழைத்தேன். ஊரில் மாலை நேரம். பின்னணியில் பஸ் ஹார்ன்.

"சின்னையா, நாலாவது கெடச்சிருச்சு."

ஹார்ன் சத்தத்தை விட்டு அவர் நகர்ந்து போவது கேட்டது. பிறகு, "எங்கங்கய்யா?"

"ஜெர்மனியில."

"கழுத! நான் மெட்ராசுக்கே ரெண்டு தடவதாங்கய்யா போயிருக்கேன். அது ஏரோப்பிளான்ல போயிருக்கா?" சிரித்தார். "துரு ஏறியிருக்குங்களா?"

"இல்ல. எண்ணெய் போட்டு வச்சிருக்கான்."

"அப்பச் சரி." மூச்சை இழுத்துவிட்டார். "ஐயா, அப்ப இந்தக் கொடியேத்தத்துக்கு நான் உள்ள வரலாமுங்களா?"

"வரலாம்" என்றேன். அரசு ஊழியன் வாயால் சொல்லக் கூடாத வார்த்தை அது. உத்தரவு வரும் முன் சொல்லிவிட்டேன்.

திரும்பிப் போய், இன்ன தேதியில் வாங்கினேன் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தர முடியுமா என்று ஹெர் க்ராமரைக் கேட்டேன். காரணத்தையும் சொன்னேன்: ஒரு தொழிலாளி மேல் வீண்பழி. அவர் கண்கள் கலங்கின. நல்ல மனிதர்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நேராகச் சங்கச் செயலாளரின் மேசைக்கு அழைத்துப் போனார். அங்கே மடிக்கணினியும் அச்சிடும் எந்திரமும் இருந்தன. கண்காட்சி அட்டையில் இருந்த விவரத்தை அப்படியே வெட்டி ஒட்டி, அடியில் வாங்கிய தேதியைச் சேர்த்து, அச்சிட்டு, கையெழுத்துப் போட்டார். சங்கத் தலைவர் சாட்சியாகக் கையெழுத்திட்டு முத்திரை குத்தினார். இரண்டு துப்பாக்கிகள் குறுக்காக இருக்கும் வட்ட முத்திரை.

தவராசா வாசிக்க வாசிக்க எனக்கு உறைத்தது. "இதில் மாஸ்டர் உபயம், கைப்பீரங்கி என்று இருக்கிறதே. திருவிழாவில் சத்தத்துக்காக வெடிக்கும் குழாய் என்று எழுதச் சொல்லுங்கள்."

ஜெர்மன் மொழியில் நீண்ட உரையாடல். தவராசா திரும்பினார். "ஏலாதாம் ஐயா. நாளைக்கு நடுவர்கள் பார்க்க வருகினமாம். அட்டையில ஒண்டு, கையெழுத்துப் போட்ட பேப்பரில வேற ஒண்டு எண்டால் தன்னைப் பொய்யன் எண்டு சொல்லுவினமாம். நாளைக்கு முடியப் பாப்பம் எண்டுறார்."

தேதி இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, சாட்சி இருக்கிறது, முத்திரை இருக்கிறது. பெயரில் என்ன, அலுவலகம் பார்ப்பது தேதியைத்தானே என்று வாங்கிக்கொண்டேன். மதியம் அங்கே எனக்குக் கிடைத்த சைவ உணவு உருளைக்கிழங்கு சாலட். அதிலும் பன்றி இறைச்சித் துணுக்குகள். ஒரு துண்டு ஆப்பிள் கேக்கும் காப்பியும் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நடுவர்கள் மூவர் வந்தார்கள். கையில் அளவுகோலும் பூதக்கண்ணாடியும். முதல் பரிசு பிரஷ்ய ஊசித் துப்பாக்கிகளுக்கு. 'சிறந்த ஆய்வு' என்ற தனிப் பரிசு ஹெர் க்ராமருக்கு. மேடையேறி வெள்ளிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, மாஸ்டர் உபயத்தை நினைவுகூர்ந்து இரண்டு நிமிடம் பேசினார். கூட்டம் எழுந்து கைதட்டியது. தவராசாவும் தட்டினார். நான் பார்த்ததும் கையை இறக்கினார். "என்ன செய்யிறது ஐயா, எல்லாரும் எழும்பினவை."

கூட்டம் கலைந்த பிறகு சொன்னேன். உபயம் என்றால் ஆள் அல்ல. கோயிலுக்கு ஒருவர் கொடுத்தது என்று பொருள். தேய்ந்த வரியில் இருந்ததுதான் கொடுத்தவர் பெயர். கீழமங்கலம் என்பது ஊர். தவராசா அதை மிகவும் மெதுவாக, ஆஸ்பத்திரியில் செய்தி சொல்வதுபோலச் சொன்னார்.

ஹெர் க்ராமர் கையுறைகளைக் கழற்றி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். கொஞ்சநேரம் கிண்ணத்தைப் பார்த்தார்.

"அவர் கேக்கிறார்" என்றார் தவராசா, "வீட்டில உபயம் செய்த மணி ஒண்டும் இருக்காம். அது?"

"அதுவும் கோயிலுடையதுதான்."

அதற்குப் பிறகு அவர் பேசிய ஜெர்மன் மொழிக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. இருந்தாலும் தவராசா கடமையைச் செய்தார். "கையெழுத்துப் போட்டதை மாத்த ஏலாதாம். மாத்தினால் பரிசையும் திருப்பிக் குடுக்கவேணும், கட்டுரையையும் வாபஸ் வாங்கவேணும். உங்கட ஆளுக்குத் தேதிதானே தேவை, அது சரியாத்தானே கிடக்கு எண்டுறார். யோசிச்சு எழுத்தில பதில் தாறாராம்."

அவர் சொன்னதில் பிழையில்லை. முந்தின நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் அதேதான். எழுத்தில் அவரிடமிருந்து இதுவரை ஒன்றும் வரவில்லை.

தவராசா காரில் ஹம்முக்கு அழைத்துவந்தார். நிலையத்தில் என் பெட்டியை ஏற்றிவிட்டு, "முன்பாதியில இருங்கோ ஐயா. ஆரையும் கேட்டுப்போட்டு இருங்கோ" என்று இரண்டு முறை சொன்னார்.

ஊருக்கு வந்ததும் முறைப்படி எல்லாம் செய்தேன். அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தேன். அவர் நேர்மையானவர். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. 'உபயம் கீழமங்கலம் என்னும் தலைமைக் கொல்லரால் செய்யப்பட்ட கைப்பீரங்கி' என்று அழகான தமிழில் தந்தார். உபயம் என்றால் என்ன என்று இரண்டு பக்கம் விளக்கி முகப்புக் கடிதம் எழுதினேன். தமிழ்நாட்டில், தமிழ் தெரிந்தவர்களுக்கு, கோயில்களை நிர்வகிப்பதற்கென்றே இருக்கும் அலுவலகத்துக்கு, உபயம் என்ற சொல்லின் பொருளை விளக்கி எழுதினேன். பதிவுத் தபாலில் அனுப்பினேன். நினைவூட்டல் அனுப்பினேன். நேரில் போனேன். கோப்பு நகர்வில் இருப்பதாகச் சொன்னார்கள். சின்னையன் ஒவ்வொரு வாரமும் அழைத்தார். பிறகு என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று அவராகவே மாதம் ஒருமுறை ஆக்கிக்கொண்டார்.

பதில் ஒரு பக்கம்தான். 'பொருள்', 'பார்வை' என்ற தலைப்பு வரிகளை நீக்கி, மீதியை அப்படியே தருகிறேன்:

'மனுதாரர் இணைத்துள்ள சான்றாவணம் பரிசீலிக்கப்பட்டது. கோயில் பதிவேட்டின்படி காணாமற்போனது வேட்டுக்குழாய். மனுதாரரால் வெளிநாட்டில் கண்டறியப்பட்டது, சான்றாவணத்தின்படி, போரில் பயன்பட்ட கைப்பீரங்கி. சான்றாவணத்தில் உள்ள முத்திரையிலும் துப்பாக்கிகளே காணப்படுகின்றன. இரண்டும் வெவ்வேறு பொருள்களாதலால், தேதி குறித்த கேள்வி எழவில்லை. மேலும், உபயம் கீழமங்கலம் என்ற பெயரில் இக்கோயிலில் எக்காலத்திலும் எவரும் பணிபுரியவில்லை என்பது பதிவேடுகளைக் கொண்டு சரிபார்க்கப்பட்டது. முகப்புக் கடிதத்தில் உள்ள விளக்கங்கள் மனுதாரரின் சொந்தக் கருத்தாகையால் சான்றாக ஏற்க இயலாது. திரு. சின்னையன் மீதான குற்றச்சாட்டில் மாற்றமில்லை.'

தபால்காரர் இதைக் கொண்டுவந்து கையெழுத்து வாங்கியது காலை வேளையில். அன்று சித்திரை பன்னிரண்டு. கீழமங்கலத்தில் கொடியேற்றம், 'வரலாம்' என்று சின்னையனிடம் நான் சொல்லியிருந்த அதே கொடியேற்றம்.